விழுந்த சத்தம்

நவம்பர் 18, திங்கள்

புதுப் பேனாவின் நிப்பு கீறுகிறது. நாலு நாளில் வழிக்கு வந்துவிடும். என் கைக்கு வந்த எதுவும் வழிக்கு வராமல் போனதில்லை. உறையூரில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளின் கையெழுத்து குமுதவல்லி டீச்சரின் கையெழுத்து என்று போன ஆண்டு விழாவில் ஹெச்.எம். மேடையிலேயே சொன்னார். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்.

மூன்றாம் வகுப்பில் இந்த வருடம் முப்பத்தாறு பேர். முப்பத்தைந்து பேரைப் பற்றிக் கவலை இல்லை. அஸ்விதா என்று ஒருத்தி, ஜூன் மாதம் வேறு பள்ளியிலிருந்து வந்தவள். கரும்பலகையில் நான் ஒரு பத்தி எழுதி முடிக்கும்போது அவள் நோட்டில் ஒன்றரைச் சொல் இருக்கும். அதுவும் கோட்டில் நிற்காது. பென்சிலை முஷ்டியால் பிடிப்பாள். பத்து நிமிடத்தில் தலை மேஜைக்குப் போய்விடும். வாயாடுவதில் குறைவில்லை. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். ஆக, மூளை இருக்கிறது. உடம்பு வளையவில்லை, சோம்பல்.

இன்று பெஞ்சிலிருந்து விழுந்தாள். யாரும் தள்ளவில்லை. நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே தெரிந்தது. முதலில் மரத்தில் ஒரு மோதல், அப்புறம் தரையில் ஒன்று. எனக்குப் பழக்கப்பட்ட சத்தம். "எந்திரிச்சு உக்காரு" என்று சொல்லிவிட்டு வரியை முடித்தேன்.

மூன்றாம் பெஞ்சு, சுவரோரம். அந்த இடத்தில் யாரை உட்காரவைப்பது என்று ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு ஒரு யோசனை வரும். இந்த முறை நான் யோசிப்பதற்குள் இவளாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 20, புதன்

படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக வாரம் ஒரு நாள் வரும் சிறப்பாசிரியை மாறிவிட்டாள். புதிதாக வந்திருப்பவள் நிலோபர். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒரு பை நிறையப் பந்தும் கயிறும் சோப்புக் குமிழி ஊதுகிற டப்பாவும் கொண்டுவந்தாள். புத்தகம் ஒன்றுகூட இல்லை.

அஸ்விதாவையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூவரையும் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சாக்பீஸால் கோடு கிழித்து அதன்மேல் நடக்கவிட்டாள். வலது கையால் இடது முழங்காலைத் தொடு, இடது கையால் வலது முழங்காலைத் தொடு என்றாள். கடைசியில் நால்வரையும் தரையில் தவழவிட்டாள். எட்டு வயதுப் பெண்ணைத் தவழவிடுவது என்ன பாடத்திட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

"ஏம்மா, சர்க்கஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கறியா?" என்று கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க மாடி கட்டறீங்க டீச்சர். நான் அஸ்திவாரத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

அதிகப்பிரசங்கி. ஆனால் பிள்ளைகள் அவள் பின்னால் ஓடுகின்றன.

நவம்பர் 21, வியாழன்

பால் திரிந்துவிட்டது. இவர் கடைக்குப் போய் வேறு வாங்கி வந்தார். நாள் முழுவதும் காதில் ஏதோ சக்கரம் உருளுகிற மாதிரி இருந்தது. மின்விசிறியாக இருக்கும்.

நவம்பர் 26, செவ்வாய்

அஸ்விதாவின் அம்மாவை வரச்சொல்லியிருந்தேன். பெயர் செல்வராணி. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம். என் அறையில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று சிரித்தாள்.

பெண் எழுதுவதில்லை, கவனிப்பதில்லை, விழுகிறாள் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, பெண்ணைப் பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"ஆனா சின்னதுல ரொம்பச் சுட்டி டீச்சர். இவ தவழவே இல்ல தெரியுமா? வாக்கர்ல ஓடிட்டே இருப்பா. பதினோரு மாசத்துல நேரா எந்திரிச்சு நடந்துட்டா. எங்க தெருவே மூக்குல வெரல வச்சுச்சு."

பதிவேட்டில் அவள் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் நான் போட்டுவிட்டேன். அடித்துத் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்து வாசல்படியைத் துடைத்தேன். காலையிலேயே துடைத்ததுதான்.

டிசம்பர் 4, புதன்

நிலோபர் அஸ்விதாவைச் சோதித்துப் பார்த்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். இரண்டு எண்ணுவதற்குள் சாய்ந்துவிட்டது. கண்ணை மூடிக் கைகளை முன்னால் நீட்டச் சொன்னாள். கைகள் தாமாகவே ஒரு பக்கம் ஒதுங்கின. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவே இல்லை. பேனா மூடி ஒன்றை முகத்துக்கு முன்னால் இடமிருந்து வலம் மெல்ல நகர்த்தினாள். அஸ்விதாவின் கண்கள் அதைத் தொடர்ந்து வந்து, மூக்குக்கு நேராக வந்ததும் ஒரு குதி குதித்தன. மூன்று முறையும் அதே இடத்தில் குதித்தன.

பெண்ணை விளையாட அனுப்பிவிட்டு நிலோபர் சொன்னாள்: "வாசிக்கும்போதும் வரி நடுவுல இப்படித்தான் எடம் மாறிப்போயிடும் டீச்சர். அதுக்கும் மேல, இவளுக்கு உக்காந்திருக்கறதே ஒரு வேல. நாம யோசிக்காம உக்காந்திருக்கோம். இவ விழாம இருக்கறதுக்கே பாதிக் கவனத்தச் செலவழிக்கிறா. மிச்சம் இருக்கிறதுலதான் நீங்க சொல்றதக் கேக்கணும், போர்டப் பாக்கணும், நோட்டுல எழுதணும்."

"நான் சோம்பேறின்னு நெனச்சேன்."

"ஒங்க வகுப்புலயே அதிகமா ஒழைக்கிறது இவதான் டீச்சர்."

நான் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது. "தவழாததாலயா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அப்படி யாரும் சத்தியம் பண்ண முடியாது. தவழாமலே நடந்து நல்லா படிக்கிற புள்ளைங்களும் இருக்கு. ஏழு மாசத்துல தவழ்ந்துட்டு இங்க வந்து திணறுற புள்ளைங்களும் இருக்கு. தரையில உருண்டு பொரண்டுதான் ஒடம்பு பழகுது, அது நெசம். இதனாலதான் இதுன்னு ஒத்தக் கோடு போட முடியாது."

"வாக்கர்ல போட்டா?"

"இப்ப வேணாம்கிறாங்க. அப்ப அவங்களுக்கு யாரு சொன்னா? வேலைக்குப் போற பொம்பள என்ன பண்ணுவா?" பையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "ஒங்களுக்குத் தெரிஞ்ச புள்ள யாரும் இருக்கா டீச்சர்?"

இல்லை என்றேன்.

எனக்கு இவள்மேல் கோபம். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் சொன்னால் மனிதர்கள் தூங்குவார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

சுபாஷிணியிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஞாயிறு பத்து மணிக்கு வரும். முப்பது நொடி, நாற்பது நொடி. சாப்பிட்டாயா, கால்வலி எப்படி, அப்பா மாத்திரை போடுகிறாரா. கோயம்புத்தூரில் ஒரு பேக்கரியில் இருக்கிறாள். கேக்குக்குக் கிரீமில் பூ வைக்கிற வேலை. படம் அனுப்பியிருந்தாள். நிஜ ரோஜா தோற்றுப்போகும், அப்படி இருந்தது. நடுவில் 'ஹாப்பி பர்த்டே நிதின்' என்று எழுதியிருந்த எழுத்து மட்டும் கோணல். அது இவள் எழுதியதில்லையாம், பெயர் எழுத அங்கே வேறு ஒரு ஆள் உண்டாம்.

முப்பத்தொரு வயது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாலு வரி எழுதச் சோம்பல், எல்லாம் வாயால்தான். நான் வழக்கம்போல விரிவாக எழுதி அனுப்பினேன். உடம்பைப் பார்த்துக்கொள்வது, போன வாரம் வந்த வரன், சேமிப்பு, எல்லாம். நான் எழுதுவதற்கு உடனே பதில் வருவதே இல்லை. சாயங்காலம் இரண்டு சொல் அளவுக்கு ஒரு குரல் வரும்: "சரிம்மா, பாத்துக்கறேன்."

படத்தில் அவள் முகம் பாதி தெரிந்தது. இடது புருவத்தில் முடி முளைக்காத அந்த இடம். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளில் விழுந்தது.

டிசம்பர் 12, வியாழன்

ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். ஜனவரி கடைசியில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லி மதிப்பெண் போடப்போகிறார்கள்.

"அந்தப் புள்ளையால மொத்த வகுப்போட பேரும் போகும் டீச்சர். ஒங்களுக்குக் கடைசி வருஷம். இத்தன வருஷப் பேரையும் யோசிங்க. 'இந்தக் குழந்தை இங்கே படிக்க இயலாது'ன்னு வகுப்பாசிரியையா ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன். நீங்க சொன்னா அந்தம்மா மறுபேச்சு பேசாம டி.சி. வாங்கிட்டுப் போயிடும்."

"எப்ப வேணும்?"

"லீவு விடறதுக்கு முன்னாடி. வெள்ளிக்கிழம இருபதாம் தேதி குடுத்துருங்க."

சரி என்றேன். தவறு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கும் வேறு இடம் நல்லதாக இருக்கலாம். அவளுக்கு ஏற்கெனவே இது மூன்றாவது பள்ளி.

டிசம்பர் 15, ஞாயிறு

கார்த்திகை முடிந்து அகல்களைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினோம். இவர் ஸ்டூலில் நின்றார், நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். அகல் வைக்கிற தகரப் பெட்டியை நகர்த்தும்போது பின்னாலிருந்து அந்த வாக்கர் தெரிந்தது. நீலப் பிளாஸ்டிக், ஒரு சக்கரம் இல்லை. இதை எப்போதோ பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் என் பழைய நாட்குறிப்புகள் இருந்தன. 1993 டிசம்பரை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து அன்றைக்கும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. எழுதியிருந்தேன்: "இன்று சுபா தவழ்ந்து வந்து வாசல்படி தாண்டினாள். கொழுக்கட்டை செய்து பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுத்தோம்."

இவர் ஸ்டூலில் நின்றபடியே எட்டிப் படித்தார். "தாண்டுனாளா? நீதானே தூக்கி அந்தப் பக்கம் வச்ச, குமுதா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு இல்லை என்கிற குரலில்தான் சொன்னார்.

உண்மைதான். எதிர்வீட்டுக் குழந்தை இவளைவிட ஒரு மாதம் சின்னது. அது படி தாண்டி, வழக்கப்படி அவர்கள் வீட்டுக் கொழுக்கட்டை எங்களுக்கு வந்துவிட்டது. எனக்கு வேலைக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை குழந்தையை வாக்கரில் உட்காரவைத்திருப்பாள். மொசைக் தரையில் அது உருண்டுகொண்டே இருக்கும். தரையில் விட்டால் சுபா அழுவாள், கை ஊன்ற மாட்டாள். என் பெண் இன்னும் படி தாண்டவில்லையா என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். ஒரே ஒருத்திதான். அது பொறுக்கவில்லை. தூக்கி வெளித் தரையில் வைத்தேன். வைத்துவிட்டு மாவு பிசைந்தேன். அத்தோடு விடாமல் நாட்குறிப்பிலும் எழுதினேன். நாட்குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள்?

பெட்டியின் அடியில் அவளுடைய மூன்றாம் வகுப்பு நோட்டு இருந்தது. கோட்டைவிட்டு ஏறி இறங்கும் எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. அவள் எழுதியதைவிட நான் எழுதியது அதிகம்.

டிசம்பர் 16, திங்கள்

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. மழை. காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துப் போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு.

டிசம்பர் 17, செவ்வாய்

நேற்று விசேஷம் இருந்தது.

பத்தியை எழுதிப்போட்டு இருபது நிமிடம் ஆகியும் அஸ்விதா ஒரு வரி எழுதவில்லை. தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். எனக்குள்ளிருந்து, "வா இங்க, முட்டி போடு" என்று வந்தது. கூடாது என்று சட்டம் இருக்கிறது. நானே புது ஆசிரியைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பத்து வருடமாக அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. இத்தனை நாள் அது எங்கே காத்திருந்தது என்று தெரியவில்லை.

வந்து பலகைக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள். நான் இந்த முறை பலகைப் பக்கம் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இடுப்பு ஆடியது. தோள் ஆடியது. மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தாள். கை ஊன்ற வரவே இல்லை. நான் ஓடுவதற்குள் முதல் பெஞ்சின் காலில் நெற்றி மோதி, பிறகு தரையில் விழுந்தாள். முதலில் மரம், அப்புறம் தரை.

தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நெற்றி புடைத்துவிட்டது. அழவில்லை. குற்றம் செய்த முகத்தோடு சொன்னாள்: "டீச்சர், நான் நேராதான் இருந்தேன். தரைதான் சாஞ்சிருச்சு."

சாயங்காலம் செல்வராணியின் கடைக்குப் போய், சேலைகளுக்கு நடுவில் நின்று, நான்தான் முட்டி போடவைத்தேன் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க டீச்சர்" என்றாள்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

2001-இல் சுபாஷிணி என் வகுப்பில் இருந்தாள். மூன்றாம் பெஞ்சு, சுவரோரம். வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. டீச்சர் பெண்ணுக்குச் சலுகை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. மற்ற பிள்ளைக்கு ஒரு அடி என்றால் இவளுக்கு இரண்டு. மற்றவர்கள் பத்து நிமிடம் முட்டி போட்டால் இவள் பாடவேளை முடியும்வரை. ஆசிரியர் அறையில் எனக்கு நல்ல பேர். குமுதவல்லி டீச்சர் பெத்த பொண்ணுன்னும் பாக்க மாட்டாங்க என்பார்கள். அந்தப் பேரை நான் மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

புருவத்தில் மூன்று தையல். சைக்கிள் என்று டாக்டரிடம் சொன்னது நான். முட்டி போட்ட இடத்திலிருந்து சாய்ந்து அதே முதல் பெஞ்சில் மோதிக்கொண்டாள். நான் அப்போது முதுகைக் காட்டிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் கத்தித்தான் திரும்பினேன்.

தவழ்ந்து பழகாத முழங்காலை நான் முட்டி போடத்தான் பழக்கினேன்.

டிசம்பர் 18, புதன்

நிலோபர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது. "இனிமே செய்யாதீங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். இருபத்தெட்டு வயதுப் பெண் சொல்லி நான் தலையாட்டினேன்.

அஸ்விதா தாழ்வாரத்துக்குப் போகமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டி போடவைக்கப்போகிறார்கள் என்று பயம். நிலோபர் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் இறங்கினேன். அறுபது வயதில் முழங்கால் தரையில் பட்டபோது உயிர் போய் வந்தது. ஒரு கை, எதிர்க் கால், மறு கை, மறு கால். சொல்வதற்கு லேசு. எனக்குக் கையும் காலும் ஒரே பக்கமாகவே போயின. பிள்ளைகள் உருண்டு சிரித்தன. அஸ்விதா தூணை விட்டுவிட்டாள். "அப்படி இல்ல டீச்சர், இப்படி" என்று பக்கத்தில் வந்து இறங்கினாள். அவளும் தப்பாகத்தான் போனாள்.

ஹெச்.எம். தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

கடிதம் கொடுத்தேன். ஏழெட்டு முறை எழுதிக் கிழித்தபின் இப்படி நின்றது: "இந்தக் குழந்தை சோம்பேறி அல்ல. கேட்டதை மறப்பதில்லை. உட்காரவும், கண்ணால் வரியைத் தொடரவும் இவள் உடம்புக்கு இன்னும் பயிற்சி வேண்டும். அதை இங்கேயே கொடுக்க முடியும். ஆறு மாதமாக இது தெரியாமல் இருந்தது என் குறை. திங்கட்கிழமை இவளை முட்டி போடவைத்தேன். நெற்றியில் அடிபட்டது. இவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்க நான் பரிந்துரைக்கவில்லை."

ஹெச்.எம். இரண்டு முறை படித்தார். "கடைசி நேரத்துல ஒங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்களா? இது வெளிய போனா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தம்மாவ நானே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கறேன். திங்கக்கிழம வரச் சொல்லியாச்சு."

மத்தியானம் செல்வராணிக்கு போன் செய்தேன். திங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து போட வேண்டாம் என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வாசிக்க வராது டீச்சர். நானும் மூணாப்போட நின்னவதான். நீங்க காட்டற எடத்துல போடலாம்னு இருந்தேன்."

டிசம்பர் 22, ஞாயிறு

பத்து மணிக்குச் சுபாவின் குரல் வந்தது. நாற்பத்திரண்டு நொடி. பதில் எழுத உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று முடிவு. படி தாண்டியது, முட்டி போட்டது, சைக்கிள். கைபேசியில் மூன்று திரை நிறையும் அளவுக்கு எழுதினேன். அனுப்பப்போகும்போது, இதற்கும் "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று வந்தால் என்ன செய்வது என்று இவரிடம் கேட்டேன்.

இவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "என்ன எழுதியிருக்க? காட்டு" என்றார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத என்னால படிச்சுக் காட்ட முடியாது குமுதா."

"யாருக்குப் படிச்சுக் காட்டணும்?"

"அவளுக்குத்தான். நீ அனுப்பறத அவ எனக்குத் தள்ளி விடுவா. நான் மாடிக்குப் போயி வாசிச்சு, குரலா அனுப்புவேன். அவளுக்கு அவ்வளவு நீளம் படிக்க முடியாதும்மா. ரெண்டு வரிக்கு மேல எழுத்தெல்லாம் ஓடுதுங்கறா. ஆறு வருஷமா இப்படித்தான்."

ஆறு வருடம். நான் எழுதிய ஒவ்வொரு ஞாயிறும்.

"நான் திட்டி எழுதினதையுமா வாசிச்சீங்க?"

"அத விட்டுருவேன்" என்றார். "சில நாள் வாசிக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அன்னிக்கு நானா ஏதாவது சொல்லி வைப்பேன்."

பெயர் எழுத வேறு ஆள் உண்டு என்று அவள் சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

எழுதியதை அழித்துவிட்டு மைக்கை அழுத்திப் பிடித்தேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது. ஐந்து முறை விட்டுவிட்டு ஆறாவது முறை பேசினேன். நீ படி தாண்டவில்லை, நான்தான் தூக்கி வைத்தேன் என்றேன். சைக்கிள் இல்லை என்றேன். உனக்கு என்ன கஷ்டம் என்று பார்க்காமல் உன்னை மண்டியிடவைத்தேன், தப்பு என்னுடையது என்றேன். நான்கு நிமிடம். அவள் கேட்டுவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. பதில் இல்லை.

டிசம்பர் 23, திங்கள்

செல்வராணி வந்தாள். நானும் ஹெச்.எம். அறைக்குப் போனேன். ஹெச்.எம். காகிதத்தை நீட்டினார். செல்வராணி அதை வாங்கி, கவனமாக இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"வீட்ல யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போடறேன் மேடம். புள்ள இங்கயே படிக்கட்டும்."

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். என் கடிதத்தையும் அவர் கோப்பில் வைத்துத்தான் ஆக வேண்டும், நகல் என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் மணியடித்து அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார். முட்டி போடவைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும். வர வேண்டியதுதான்.

சுபாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பத்து மணிக்குச் செய்தி வரவில்லை. இவரிடம் பேசியிருக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஜனவரி 2, வியாழன்

பள்ளி திறந்தது. அஸ்விதாவை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். கால் தரையில் எட்டவில்லை என்று நிலோபர் சொல்லியிருந்தாள், அதனால் ஒரு பலகைப் பெட்டி போட்டேன். காலை அதில் ஊன்றிக்கொண்டாள். பத்தி முழுவதும் வேண்டாம், இரண்டு வரி போதும் என்றேன். ஒன்றே முக்கால் வரி எழுதினாள். விழவில்லை.

மூன்றாம் பெஞ்சின் சுவரோரம் இப்போது யாரும் இல்லை. எழுதும்போது எனக்கு முதுகில் அந்த இடம் தெரிந்துகொண்டே இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தது. ஒரு நிமிடம் ஆறு நொடி. இவரை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அம்மா. நீ பேசுனதக் கேட்டேன். நெறைய தடவ கேட்டேன். படி தாண்டுன கதையெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அத விடு. யாரு வீட்ல குழந்தைய வாக்கர்ல போடல. எனக்கு வாசிக்க வராததுக்கும் நீ காரணம்னு நான் நெனச்சதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இருவத்திமூணு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அன்னிக்கு முட்டி போட்டுட்டு விழுந்தேன்ல. கண்ணுல ரத்தம் எறங்குது. அப்பவும் உன் ரூல் ஞாபகம் இருந்துச்சு, அம்மான்னு கூப்பிடல. 'டீச்சர், டீச்சர்'னு கூப்ட்டேன். ரெண்டு தடவ. நீ போர்டுல எழுதிட்டிருந்த வரிய முடிச்சுட்டுத்தான் திரும்புன. புள்ளைங்க சத்தத்துல ஒனக்குக் கேக்கலன்னு அப்பா சொல்வாரு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ சொல்லும்மா. நான் விழுந்தது ஒனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

கேட்கவில்லை என்று இந்த நோட்டில் பதினேழாம் தேதி எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. கேட்கவில்லை என்று சொன்னால் அவளும் நிம்மதியாக இருப்பாள், நானும் இருப்பேன். இவரும் இத்தனை வருடம் அதற்காகத்தான் சொல்லிவந்திருக்கிறார்.

அன்று வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. என் வகுப்பில் எப்போதும் இருந்ததில்லை. மரத்தில் மோதியது கேட்டது, தரையில் விழுந்தது கேட்டது. நடிக்கிறாள், திரும்பினால் சலுகையாகிவிடும் என்று நினைத்தேன். பலகையில் இன்னும் நாலு சொல் பாக்கி இருந்தது. அதை எழுதினேன். எழுத்து கோணவில்லை.

மைக்கை அழுத்திப் பிடித்தேன். இந்த முறை ஒரே தடவைதான் பேசினேன்.

"கேட்டுச்சு சுபா. நீ விழுந்தது கேட்டுச்சு. நீ கூப்ட்டதும் கேட்டுச்சு, ரெண்டு தடவையும்."

அனுப்பிவிட்டேன். உடனே நீலக் குறி வந்தது. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, இன்னும் உலை வைக்கவில்லை.